மழைக்குள் கேட்ட தட்டுச் சத்தம்

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூலை மாதப் பிற்பகலில், மும்பை தாராவியில் நடந்தது இது. அப்போது நான் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். வீடுகளுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது என் பொறுப்பு.

நான் வளர்ந்தது அணுசக்தி நகர் குடியிருப்பில். அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரங்கள், எப்போதும் அமைதி. படியில் எதிர்ப்படுபவரிடம் ஒரு புன்னகை, அத்தோடு சரி. அடுத்தவர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று நினைத்து வளர்ந்தவள். அதனால் தாராவிக்குப் போகும்போதெல்லாம் எனக்குச் சின்ன எரிச்சல் வரும். சந்துக்குள் கால் வைத்தால் போதும், "யாரு வீட்டுக்கு?", "யாருக்குக் காய்ச்சல்?" என்று பத்து வாசலிலிருந்து கேள்வி வரும். பதில் சொல்லாமல் நடந்துவிடுவேன்.

அன்று காலையிலிருந்து விடாத மழை. ஒருவர் போன் செய்தார். பேச்சிலேயே திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது.

"யக்கா, வீட்டுக்காரிக்கு டெங்கு. ப்ளேட்லெட் எறங்கிக்கிட்டே போவுதுன்னு டாக்டர் சொல்லுதாரு. இன்னைக்கே ரத்தம் எடுத்துப் பாக்கணுமாம். கொஞ்சம் வாரீயளா?"

அந்தச் சந்துக்கு நான் ஏற்கெனவே இரண்டு முறை போயிருக்கிறேன். "நீல இரும்பு ஏணிக்கு மேல, ரெண்டாவது மாடி" என்று அடையாளம் சொன்னார். போனை பாலிதீன் பையில் சுற்றி, ரத்தம் எடுக்கும் பெட்டிக்குள் அடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சந்தின் முகப்பில் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்பக்கம் இரண்டு வீடுகளுக்கு நடுவில், ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. அந்தக் குறுக்குவழி தெரிந்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அதன் வழியாகத்தான் உள்ளே போனேன்.

வெளியே வந்ததும் நின்றுவிட்டேன். சந்தில் யாருமே இல்லை.

தாராவியை அறிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு வினோதம் என்று புரியும். மழையோ வெயிலோ, அங்கே வாசலில் யாராவது துணி துவைத்துக்கொண்டு, காய் நறுக்கிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு இருப்பார்கள். அன்று பெரும்பாலான கதவுகள் திறந்தே கிடந்தன. ஒரு வீட்டில் பாதி அரிந்த வெங்காயம் அப்படியே இருந்தது. இன்னொரு வீட்டில் தட்டில் சோறு பிசைந்தபடி கிடந்தது. ஆள் மட்டும் இல்லை. மேலே கூரையும் கூரையும் முட்டிக்கொள்வதால் அங்கே வானம் எப்போதும் ஒரு கோடுதான். அன்று அந்தக் கோடும் கறுத்திருந்தது. மூன்று மணிக்கே இருட்டு. கணுக்கால் வரை தண்ணீர்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டங், டங், டங். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம். முதலில் ஒன்று. பிறகு எதிர்ப்பக்கத்தில் ஒன்று. நான் நடக்க நடக்க அது பெருகியது. இரண்டு பக்கமும் மேல்மாடிகளிலிருந்து, பத்துப் பதினைந்து தட்டுகள். நிமிர்ந்து பார்த்தேன். தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்குகளில் கைகள் மட்டும் தெரிந்தன. முகமே இல்லாத கைகள், என்னைப் பார்த்து வேகவேகமாக ஆடின.

மழை நிற்க ஏதோ வேண்டுதலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீல ஏணி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. சீக்கிரம் ஏறிவிட்டால் போதும் என்று எட்டி நடந்தேன்.

ஏணியின் அடியில் ஒரு நாய் படுத்திருந்தது. பாதி உடம்பு தண்ணீரில். கண் திறந்திருந்தது. இந்த மழையில் இது ஏன் இங்கே படுத்திருக்கிறது என்று நினைத்தபோதே, கணுக்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அடுத்த அடியில் நூறு எறும்பு.

சட்டென்று மேலேயிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளி வந்து என் தோளில் மோதித் தண்ணீரில் விழுந்தது. கோபத்தோடு நிமிர்ந்தேன். ஒரு ஜன்னலில், நாற்பது வயது இருக்கும், ஒரு பெண்ணின் முகம். வாய் திறந்து திறந்து மூடியது. தகரத்தில் விழும் மழைச் சத்தத்தில் ஒரு சொல்கூட என்னை எட்டவில்லை. அவர் நாயைக் காட்டினார். ஏணியைக் காட்டினார். பிறகு அதன்மேல் அறுந்து கிடந்த கறுப்பு ஒயரைக் காட்டினார்.

புரிந்தது, தண்ணீரில் மின்சாரம். வந்த வழியே மூன்றடி பின்னால் வைத்து, ஒரு வீட்டு வாசல் கல்மேல் ஏறி நின்றேன். பின்னால் பூட்டிய இரும்புக் கதவு. அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக் காட்டினார். எதையும் தொடாதே என்று. நானும் அப்படியே கட்டிக்கொண்டேன். விழுந்தால் தண்ணீர், சாய்ந்தால் இரும்பு. தட்டுகள் நிற்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே தகரம் நெளிந்தது. யாரோ கூரை மேல் நடந்து போனார்கள். ஒவ்வொரு அடிக்கும் தகரம் உள்வாங்கி எழுந்தது. அந்தக் காலடி சந்தின் கடைசி வரை போய்த் தேய்ந்தது. பிறகு, ஒரே நேரத்தில், எல்லாத் தட்டும் நின்றன. நான் செத்துவிட்டேனோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

மேலேயிருந்து ஒரு மர ஏணியை இறக்கினார்கள், ஏறிப் போனேன். போன் செய்தவர்தான் கூரை வழியே போய் மெயினை அணைத்துவிட்டு, தொப்பலாக நனைந்து திரும்பியிருந்தார். "ஆறு தடவ போன் போட்டேன்க்கா. முகப்புல கயிறு கட்டி ஆளு நிறுத்தியிருக்கோம். நீங்க எப்படி உள்ள வந்தீய?" என்றார். குறுக்குவழியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் மனைவி படுக்கையில் இருந்தாள். பக்கத்தில் தட்டும் கரண்டியும். அந்தக் காய்ச்சலிலும் அவள் எனக்காக அடித்திருக்கிறாள். செல்போன் வெளிச்சத்தில் ஊசியை எடுத்தேன், இரண்டு முறை நரம்பைத் தொட்டும் குத்தாமல் நிறுத்தினேன். "பயப்படாதீங்கக்கா. மெதுவா எடுங்க" என்று நோயாளி எனக்குத் தைரியம் சொன்னாள்.

வாளியை எறிந்த பெண் தேநீர் கொண்டுவந்தார். "எதுக்குத் தட்டு? கத்தியிருக்கலாமே" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"கத்துனோமே. மூணு மழைக்காலத்துக்கு முன்னாடி, இதே எடத்துல, எங்க வீட்டுக்காரரு. இதே ஜன்னல்ல நின்னு கத்துனேன். தகரத்து மழையில அவருக்குக் கேக்கல. நிமுந்து பாத்து, என்னன்னு சிரிச்சாரு. அப்புறம் ஏணியப் புடிச்சாரு." டம்ளரை என் கையில் வைத்தார். "அதுக்கப்புறம் எங்க சந்துல மழைன்னா தட்டுதான். யார் அடிச்சாலும் எல்லாரும் மேல ஏறிருவோம், எல்லாரும் அடிப்போம். குடிங்க, ஆறிரும்."

திரும்பும்போது தேநீர் தந்த அந்தப் பெண் கயிறு கட்டிய முகப்பு வரை வந்து வழியனுப்பினார். வாசலுக்கு வாசல், "யாரு வீட்டுக்கு வந்தவங்க?", "ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டார்கள். அன்றுதான் முதல்முறையாக நின்று நின்று பதில் சொன்னேன்.

டெங்கு வந்த பெண்ணுக்கு அடுத்த வாரமே குணமாகிவிட்டது. எனக்குத்தான் பல நாள் தூக்கத்தில் எறும்பு ஊர்ந்தது. நெருக்கியடித்துக் கட்டிய வீடுகளும் தாழ்ந்த நிலமும் அந்த மனிதர்களுக்கு ஒருவரையொருவர் விடாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொடுத்திருக்கின்றன. என் அகலமான சாலை எனக்கு அதைக் கற்றுத்தரவில்லை. இப்போதெல்லாம் எனக்குப் பழக்கமில்லாத இடத்தில், அர்த்தம் தெரியாத எதைக் கேட்டாலும், முதலில் காலை நிறுத்திவிடுகிறேன். அர்த்தத்தைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.