இரண்டாவது கியரும் அப்பாவின் இருமலும்

மாமாவின் பழைய காரில் இரண்டாவது கியர் மட்டும் யார் பேச்சையும் கேட்காது. மூன்றிலிருந்து இறக்கினால் 'கர்ர்' என்று பல்லைக் கடிக்கும். உள்ளே ஏதோ வளையம் தேய்ந்துவிட்டதாம். சத்தமில்லாமல் போட வேண்டுமானால் லாரிக்காரர்களைப் போல டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு, எஞ்சின் சத்தம் ஏறியதும் மறுபடி கிளட்ச், பிறகு இரண்டு. மாமா அம்மாவுக்கு இதை ஒரே ஒரு முறைதான் செய்து காட்டினார்.

அம்மாவுக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து செய்யூரில் இருந்த அவள் அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாமாவோ புது வண்டி எடுத்துவிட்டார். பழையதை வாங்கிக்கொள்ளச் செங்கல்பட்டிலிருந்து ஒருவர் தயாராக இருந்தார்.

"உனுக்கே தரேன். ஆனா மாமல்லபுரத்துலேர்ந்து உங்க வூடு வரைக்கும் ஒரு தபா கூட கர்ருனு கேக்கக் கூடாது. கேட்டுச்சு, வண்டி செங்கல்பட்டுக்குத்தான்" என்றார் மாமா.

அம்மா மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சவுக்குத் தோப்புப் பாதையில் பழகினாள். சாப்பிடும்போதுகூட மேஜைக்கடியில் அவள் இடது கால் இரண்டிரண்டு முறை அழுந்தும்.

நான்காவது ஞாயிறு, காலை ஏழு பத்துக்குப் புறப்பட்டோம். அம்மா ஓட்ட, மாமா பக்கத்தில். அப்பாவும் நானும் பின்னால். கணக்கு என் பொறுப்பு. நோட்டில் 'சத்தம் வந்தது', 'வரவில்லை' என்று இரண்டு பத்திகள் போட்டிருந்தேன்.

முதல் வளைவில் அம்மா கியரை இறக்கிய அதே நொடியில் அப்பா பலமாக இருமினார். எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. 'வரவில்லை'யில் ஒரு கோடு. கட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னால் இன்னொரு இருமல். ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோது மூன்றாவது. எதையும் விட்டுவிடக் கூடாதென்று 'அப்பா இருமல்' என மூன்றாவது பத்தி தொடங்கினேன்.

"இன்னா மாப்ள, இருமல் ஜாஸ்தியா கீதே?" என்றார் மாமா, திரும்பாமலே.

"கடல் காத்து ஒத்துக்கல மச்சான்."

எங்கள் வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.

ஐந்தாவது இருமலில் அம்மா வண்டியை ஓரங்கட்டினாள்.

"நீங்க இருமிக்கினே இருந்தா எஞ்சின் சத்தம் எனக்கு எப்படிக் கேக்கும்? அதக் கேட்டுத்தான் கியரே போடணும். வூடு வர்ற வரைக்கும் மூச்சு வுடக் கூடாது, சொல்லிட்டேன்."

அப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் தெரு திருப்பம் வந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து நெருக்கியது. மாமா முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் கால் அழுந்தியது, எழுந்தது, எஞ்சின் ஒருமுறை உயர்ந்து ஒலித்தது, கால் மறுபடி அழுந்தியது. கியர் விழுந்ததே தெரியவில்லை. வண்டி மட்டும் சாதுவாகத் தெருவுக்குள் திரும்பியது.

மாமா கணக்கு கேட்டார். "சத்தம் பூஜ்யம். அப்பா இருமல் அஞ்சு" என்று படித்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அந்த அஞ்சையும் அடிச்சுடு. கடைசியா போட்ட கியர் ஒண்ணே போதும்" என்று சாவியை அம்மா கையில் வைத்தார்.

கார் கிடைத்தும் அம்மா மதியம்வரை அப்பாவிடம் பேசவில்லை. உடம்பு சரியில்லாத மனிதரிடம் இப்படியா நடந்துகொள்வது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. நானே இருமல் மருந்தை எடுத்து இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தபடி மறுபேச்சில்லாமல் குடித்தார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய பக்கத்தின் கடைசி வரி: 'மறுநாள் அப்பாவுக்கு இருமல் அறவே இல்லை. நல்ல மருந்து.'