அடைப்புக்குறி ஆனந்தி

கேரளத்துத் தேவிகுளத்தில் அரசு இணையச் சேவை மையம் நடத்தும் ஆனந்திக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கம்ப்யூட்டர் ஒரு நொடி தாமதித்தாலே எழுந்து வாசல்வரை போய்வருவாள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, மூணாறில் டைப்பிங் படித்து, பன்னிரண்டு வருஷமாக ஊராருக்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வாங்கிக் கொடுத்துப் பழகிய கை. சும்மா இரு என்றால் எங்கே இருக்கும்?

தோட்டத்துச் சனங்களில் பாதிப் பேருக்கு இ-மெயில் கிடையாது. இருப்பவர்களுக்கோ பாஸ்வேர்டு ஞாபகம் கிடையாது. அதனால் எல்லாருக்கும் தன் முகவரியையே போட்டுவிடுவாள். பதில் யாருக்கு வந்தது என்று குழம்பாமலிருக்க, அதே கட்டத்தில் அடைப்புக்குறி போட்டுப் பெயரையும் எழுதுவாள். பெயர் மட்டும் போதுமா? ஒரே தோட்டத்தில் நாலு சித்ரா! ஆகவே பெயருக்குப் பின் டிவிஷன், அதற்குள் லைன், அதற்குள் வீட்டு நம்பர் என்று குறிக்குள் குறி போட்டுக்கொண்டே போவாள். இத்தனை வருஷத்தில் எந்தத் தளமும் ஏன் என்று கேட்டதில்லை.

அன்று நர்சிங் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிவரைதான் நேரம். மாரித்தாய் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மகள் சித்ராவை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். சித்ராவுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இது தவறினால் அவள் முதுகிலும் கூடைதான்.

மூன்றரைக்கு ஆனந்தி அனுப்பும் பட்டனை அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி மறுபடி அழுத்தினாள். பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் நிரப்பி அழுத்தினாள். நாலு மணிக்குத் தளமே திறக்கவில்லை.

"என்ன புள்ள, போயிருச்சா?"

"செத்த சும்மா இருங்கக்கா! சைட்டே தொறக்க மாட்டேங்குது."

ஐந்து மணி ஆயிற்று. சித்ரா அழக்கூட இல்லை.

ஐந்தரைக்கு போன் வந்தது. கொச்சியில் இருந்தபடி அந்தச் சேர்க்கைத் தளத்தைக் கவனிக்கும் ரிஞ்சு, தமிழ் பேசும் வண்டன்மேட்டுக்காரன்.

"சேச்சி, இ-மெயில் கட்டத்துல என்ன எழுதுனீங்க?"

சொன்னாள்.

"அவசரத்துல கடைசிக் குறிய மூடாம விட்டுட்டீங்க. முகவரியப் படிக்கிற புரோகிராம் அதுக்கு ஜோடி தேடித் தேடி, மொதல்லருந்து லட்சம் தடவ திரும்பிப் பாத்துருக்கு. நீங்க அழுத்துன ஒவ்வொரு தடவையும் எங்க மெஷின் ஒண்ணு அதுலயே மாட்டிக்கிச்சு. எல்லாம் படுத்துருச்சு. கேரளம் முழுக்க ஒருத்தரும் உள்ள போக முடியல."

ஆனந்தி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். எத்தனை வீட்டுப் பிள்ளைகள்! பட்டனை விடாமல் அழுத்தியது இந்தப் பாழாய்ப்போன விரல்தானே!

"எந் தப்பா தம்பி?"

"தப்பா எழுதுனா, தளம் அதத் தப்புன்னு திருப்பி அனுப்பணும். படுக்கக் கூடாது. ஓட்டை எங்களோடது. ஆனா யாரோ வேணும்னே தாக்கிட்டாங்கன்னு மேல ஆபீசுல பேசுறாங்க. அப்படி முடிவாச்சுன்னா தேதி நீட்ட மாட்டாங்க. இது நெசமான அப்ளிகேஷன்தான்னு, என்ன எழுதுனீங்களோ அத அப்படியே எழுதித் தந்தா நான் ஓட்டையக் காட்டிருவேன். ஆனா ஒங்க சென்டர் ஐடிய நிறுத்திருவாங்க சேச்சி, ஒண்ணும் அனுப்ப முடியாது. நான் இன்னும் ஒங்க பேரச் சொல்லல."

ஆனந்தி வாசலுக்குப் போனாள், வந்தாள், திரும்பவும் போனாள். தாயும் மகளும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கே போவார்கள்? உட்கார்ந்தாள். ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலை, இன்று மாலைவரை அவகாசம் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பே, விசாரணை முடியும்வரை அவள் ஐடி முடக்கப்பட்டிருந்தது.

தாயையும் மகளையும் ஜீப்பில் ஏற்றிச் சித்திரபுரத்தில் உள்ள இன்னொரு சேவை மையத்துக்குக் கூட்டிப்போனாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக மேசைக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்றாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ரசீது கைக்கு வந்ததும்தான் சித்ரா அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

பின்னால் மகளோடு நின்றிருந்த மூக்கம்மாள், அதே தோட்டத்துக்காரி, ஆனந்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தன் காகிதக் கட்டை நீட்டினாள்.

"நல்லவேள, நீ இருக்க. இந்த சென்டர்க்காரங்கள எனக்குத் தெரியாது. நீயே போட்டுக் குடு புள்ள."

ஆனந்தி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஐடி இல்லாம இப்ப என்னால முடியாதுக்கா. நீங்க வரிசையிலயே நில்லுங்க."