மிளகாய் இல்லாத படையல்

எங்கள் குடும்பத்தில் மூலம் என்று யாரும் லேசில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "சூடு" என்பார்கள். சொன்னதும் எல்லாரும் தலையை ஆட்டுவார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். மோர், கருணைக்கிழங்கு, வெந்தயம் ஊறவைத்த தண்ணீர். டாக்டரிடம் காட்டு என்று மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் வராது. "சூடு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கும் வந்தது. சிராங்கூன் சாலையில் ஒரு சேலைக் கடையின் கல்லாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள் நான். ரத்தத்தைப் பார்த்த மறுநாளே குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போய்விட்டேன். டாக்டர் தமிழ்ப் பெண், என் மகள் வயதிருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் பார்த்தார், சின்னக் குழாய் ஒன்றை வைத்தும் பார்த்தார். கூச்சமாகத்தான் இருந்தது. அதற்காக நான் ஒன்றும் செத்துப்போய்விடவில்லை.

"உள்மூலம் ஆன்ட்டி, சின்னதுதான். காய், பழம் நிறையச் சாப்பிடுங்க, தண்ணி குடிங்க. முக்காதீங்க. டாய்லெட்டுக்கு ஃபோன் எடுத்துட்டுப் போகாதீங்க. எரிஞ்சா வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் உட்காருங்க. ரத்தம் நிக்கலைன்னா திரும்ப வாங்க."

ஒரு டியூப் களிம்பும் கொடுத்தார். ரத்தம் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் மேராவில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டில் இதை நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். அண்ணிக்குப் புரையேறியது. "சோத்து நேரத்துல என்ன பேச்சு இது" என்று அம்மா அதட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். ஜூரோங் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர், அவர் குரல் கேட்டால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். அன்று குரலே எழும்பவில்லை.

"அந்த டியூப் மிச்சம் இருக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான் லா. ரெண்டு தீபாவளியா இருக்கு. அப்பாவுக்கு இருந்துச்சு, உனக்கு வந்துருச்சு, எனக்கு மட்டும் வராதா? குடும்பச் சொத்து லா இது."

எங்கள் வீட்டில் மருந்தைத் தூக்கிப் போடும் வழக்கம் கிடையாது. ஒருவர் இருமலுக்கு வாங்கியது அடுத்தவர் இருமலுக்கு ஆகும். இப்போது நோய்க்கும் அதே வழக்கம். டாக்டர் சோதித்தது என்னை. அண்ணனோ அதிலேயே தன்னையும் சோதித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார். ஐம்பது தாண்டியவர்களுக்கு இலவசமாகத் தரும் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைப் பெட்டி அவர் வீட்டுக் குளிர்பெட்டி மேல் பிரிக்காமல் கிடந்தது. கேட்டால், "ரத்தம் வர்றது எனக்கே தெரியுது, அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு?" என்கிறார். அண்ணி தேக்கா மார்க்கெட்டில் வாரம் தவறாமல் கருணைக்கிழங்கு வாங்கி மசியல் செய்து போட்டிருக்கிறார். வெளிச்சத்தில் பார்த்தால் அண்ணன் முகம் வெளிறிக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மசியல் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

என் டாக்டரிடம் போகலாம் என்றால் வர மாட்டேன் என்றார். "அந்தப் பொண்ணு அங்கிள்னு கூப்பிடும். அதுகிட்ட எப்படிக் காட்டுறது? ஜூரோங்ல சீன டாக்டர் இருக்காரு, பார்த்துக்கிறேன்." அவர் பார்த்துக்கொள்ளும் லட்சணம் எனக்குத் தெரியாதா? லீவு போட வைத்து நானே என் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன செய்யுது அங்கிள்?"

"கேஸ்ட்ரிக் லா."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "கேஸ்ட்ரிக்காம்! அடியில ரத்தம் போகுது டாக்டர். ரெண்டு தீபாவளியா மறைச்சு வச்சிருக்காரு."

அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சிரிக்கவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்.

"அப்பாவுக்கு மூலம். அதுலதான் போயிட்டாரு," என்றார் அண்ணன்.

"மூலம்னு எந்த டாக்டர் சொன்னாங்க?"

 எந்த டாக்டரும் சொல்லவில்லை. அப்பா யாரிடமும் காட்டியதில்லை. நாங்களாகச் சொல்லிக்கொண்டதுதான். கடைசியில் எலும்பும் தோலுமாகிவிட்டார் என்று அண்ணன் சொன்னார்.

"மூலத்துக்கு உடம்பு அப்படிக் கரையாது அங்கிள்," என்றார் டாக்டர்.

அவர் அனுப்பிய மருத்துவமனையில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். முந்தின நாள் குடலைக் காலி செய்யக் குடித்த மருந்துக்கு என்னைத் திட்டித் தீர்த்தார் அண்ணன். மூலம் இருந்தது, சின்னதாக. அதற்கு மேலே ஒரு கட்டி இருந்தது. ரத்தம் அதிலிருந்துதான். வெட்டி எடுத்துப் பார்த்ததில் அது புற்றாக மாறத் தொடங்கியிருந்தது. முழுசாக எடுத்தாயிற்று, இனி சொல்கிற நாளில் தவறாமல் வர வேண்டும் என்றார்கள். என்னையும் பார்த்தார்கள். மூலத்தைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் பிழைத்ததோடு என் கோபம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அப்பாவுக்கு மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலிச் சம்பால் இல்லாமல் சோறு இறங்காது. ரத்தம் போகிறது என்று தெரிந்ததும் வீட்டில் மிளகாயே நின்றுபோனது. டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் இல்லை, தட்டிலிருந்து சம்பாலை எடுக்க மட்டும் வீடே இருந்தது. ஒவ்வொரு நினைவு நாளிலும் படையல்கூட மிளகாய் இல்லாமல்தான். செத்தவருக்கும் சூடு ஆகாதாம்.

இந்த வருட நினைவு நாளன்று கடையிலிருந்து நேரத்தோடே அண்ணன் வீட்டுக்கு வந்து, மிளகாயை அள்ளிப் போட்டு நெத்திலிச் சம்பால் வதக்கினேன். வீடெல்லாம் நெடி. அண்ணன் இருமிக்கொண்டே இலை போட்டார். அம்மா வந்து பார்த்துவிட்டுப் பதறினார்.

"என்னடி இது? அவருக்கு மூலம்டி!"

"அப்பாவுக்கு என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாதும்மா. நாம யாரும் பார்க்க வைக்கல," என்று கத்தினேன்.

 அம்மா, அப்பாவின் படத்துக்கு முன்னால் மெதுவாக உட்கார்ந்தார். கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, இலையில் இன்னும் கொஞ்சம் சம்பாலை வைத்தார்.

"கடைசி வரைக்கும் இதைக் கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு," என்றார்.