தேலும் தேளும்

எழுபதுகளின் கடைசியில் தில்லியில் எனக்கு சூப்பர்வைசர் உத்தியோகம். பெயர்தான் பெரிது. காண்ட்ராக்டர் இந்தியில் கத்துவதை நான் தமிழில் கத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த வாரம் ஜங்புரா பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை. மண்ணுக்குள் ஓட்டையாகிப் போன பழைய டாங்கியை எடுத்துவிட்டுப் புதியதை இறக்க வேண்டும். குழி தோண்டியவர்கள் மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து வந்த மூன்று ஆண்களும் ஒரு அக்காவும். விழுப்புரம் பக்கத்து ஆட்கள்.

பழைய டாங்கி மேலே வந்ததும் குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறிவிட்டது. காண்ட்ராக்டர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “பானி மே தேல் ஹை!” என்று கத்தினார். தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கிறது என்றார் பாவம்.

“ஐயோ, தண்ணில தேளாம்!” என்று அலறிக்கொண்டு நாலு பேரும் குழியை விட்டு ஏறினார்கள். இந்தி தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். அந்த அலறலில் நானும் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். நின்ற பிறகுதான் புத்தி வந்தது. இறங்கி, வேட்டி நுனியைத் தட்டுகிறவன் மாதிரி பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, “தேள் இல்ல, எண்ணெய்!” என்று பெரிய மனுஷனாக விளக்கினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. அந்தத் தண்ணீரை டாங்கர் வண்டியில் ஏற்றி எண்ணெய்க் கம்பெனி டிப்போவுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. வண்டி வர இரண்டு நாளாகும். காண்ட்ராக்டருக்கு அவ்வளவு பொறுமை ஏது? “நாலாவில் விடு, ஜல்தி!” என்று குழாயைச் சாக்கடைப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார்.

“எந்த நாலா சார்?” என்றார் அக்கா.

“இதோ ஓடுதே, இதுதான்” என்றேன்.

“எங்க ஊட்டுக்குப் பின்னால ஓடுறதும் இதானே? கரையிலதான அத்தினி பேரும் அடுப்பு வச்சிருக்கோம். பெட்ரோலு மெதந்து வந்தா பத்திக்காதா? புள்ளைங்க அங்கதான வெளையாடுது!”

அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது, “ஆர்டர் அப்படி அக்கா, நான் என்ன பண்றது?” என்பதுதான். சொன்னதோடு விட்டேனா, குழாயின் ஒரு முனையைத் தூக்கவும் செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். விறுவிறுவென்று ரோட்டோரம் போய் நின்று, “தேல் ஆயா ஹை! தேல் ஆயா!” என்று குரல் கொடுத்தார். எண்ணெய் வந்திருக்கிறதாம்.

மண்ணெண்ணெய்க்கு ஊரே அலைந்த காலம். தில்லிக்காரர்களுக்கு அதுவும் தேல்தான். பத்து நிமிஷத்தில் டின்னும் வாளியுமாக பங்கு வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. “லைன் எங்கே?” என்று ஒருவர் என்னையே உலுக்கினார். வரிசையைச் சரிசெய்ய வந்த போலீஸ்காரர் குழியை எட்டிப் பார்த்தார், மூக்கைப் பிடித்தார், குழாய் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து நாலா வரை வந்தார்.

காண்ட்ராக்டர் ஒரேயடியாகக் குழைந்தார். “டாங்கருக்குச் சொல்லியாச்சு சாப், வந்துகொண்டே இருக்கிறது” என்றவர், அப்புறம்தான் ஓடிப்போய் போன் செய்தார். டாங்கர் மறுநாளே வந்துவிட்டது. ஒரு சொட்டும் நாலாவுக்குப் போகவில்லை.

தண்ணீர் டாங்கரில் ஏறிக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்க முடியாமல் அக்காவைச் சீண்டினேன். “தேள்னு கேட்டதும் என்னமா குதிச்சீங்க!”

“நீங்களுந்தான் குதிச்சீங்க சார்,” என்றார், மண்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே. “நாலாவுல உடச் சொன்னப்பதான் குதிக்கல.”