அக்காவின் கட்டங்களும் தம்பியின் கேள்விகளும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகும் இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அக்காவின் ஒரே தம்பி. பண்ணைக்காட்டில் ஜீப் ஓட்டுகிறேன். எழுத்து வேலை எனக்குப் பழக்கமில்லை. அக்காவின் மகள்தான் விடவில்லை. "மாமா, அம்மாவோட தாளப் பாத்துத் தைப்பீங்கல்ல, அது மாதிரி ஒரு கட்டம் முடிஞ்சா அடுத்த கட்டம்னு எழுதுங்க" என்றாள். அப்படியே எழுதுகிறேன். வரிசை பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீட்டில். எங்கள் குடும்பம் கப்பலேறி வந்தபோது அக்காவுக்குப் பாவாடை வயது, நான் கைக்குழந்தை. மண்டபம் முகாமில் சில காலம் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தோம். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்துக் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறாக்கியது அக்காதான். காலையில் வேலைக்குக் கிளம்புவதைத் தோட்டத்து வழக்கப்படி 'பெரட்டுக்குப் போறது' என்றே கடைசிவரை சொன்னார். இங்குள்ளவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பாரே தவிர, சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்திய கைவேலைக் கூடத்தில் எம்பிராய்டரி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நூலைப் பெருக்கல் குறியாகப் போட்டுத் தைக்கும் கிராஸ் ஸ்டிச் கற்றுக்கொண்டார். தைத்ததெல்லாம் வெளிநாட்டுப் புத்தகத்துப் படங்கள்: கூரையில் பனி விழுந்த வீடு, அன்னம், குடை பிடித்த வெள்ளைக்காரச் சிறுமி. "அந்தப் பிள்ளைக்கு நான் தைச்ச கொடைய எண்ணுனா இந்த மலைக்கே நெழல் போடலாம்" என்று கேலியாகச் சொல்வார். கல்யாணமாகிப் பண்ணைக்காடு வந்த பிறகும் தினமும் பஸ் ஏறிப் போய் வந்தார். மகள் பிறந்ததும் அந்த வேலையை விட்டார்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகுதான் சொந்தப் படங்கள் வந்தன. அது பிளம்ஸ் காலம். அக்காவின் கணவரான மச்சான், தோட்டத்திலிருந்து ஒரு கூடை கொண்டுவந்து வைத்திருந்தார். அக்கா ஒரு பழத்தை எதிரில் வைத்துக்கொண்டு, வீட்டில் கிடந்த, கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் தைக்க ஆரம்பித்தார். பழம் உருண்டையாக வரும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தார். அப்புறம் அதை எண்ணி கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தார். ஒரு கட்டம் ஒரு தையல், ஒரு குறி ஒரு நிறம். விற்கப் போவது தைத்த துணியை அல்ல, அந்தத் தாளை என்று அவர் சொன்னபோது மச்சானுக்கே விளங்கவில்லை.

"தைச்ச துணிய விப்பாக. தைக்காத பேப்பர யாரு வாங்குவா?" என்று கேட்டார்.

"தைச்சத வித்தா நான் ஒருத்திதாங்க தைக்கணும். தாள வித்தா வாங்குறவுக எல்லாரும் தைப்பாக. எனக்கு இருக்குறது ரெண்டு கைதான?" என்றார் அக்கா.

மறுவாரமே அச்சுக் கூலி விசாரிக்க வத்தலக்குண்டு அச்சகத்துக்கு மச்சானும் கூடப் போனார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

ஆனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்கா ஒரு விதி வைத்தார். தையலே தெரியாத ஒரு ஆள், அந்தத் தாளை மட்டும் பார்த்து, அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தைத்து முடிக்க வேண்டும். "வாங்குற பொம்பள ஆடலூர்ல இருப்பா, எங்கனயோ இருப்பா. சந்தேகம் வந்தா என்னயத் தேடி பஸ் ஏறியா வருவா? தாளுதான் பதில் சொல்லணும்" என்றார். தையலே தெரியாத ஆள் யார் என்று சுற்றிலும் பார்த்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படித்தான் என் கையில் ஊசி வந்தது. ஸ்டாண்டில் ஆள் சேரும்வரை ஸ்டியரிங்மேல் துணியை வைத்துத் தைப்பேன். மற்ற டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். "ஏலே, தலகாணி ஒறையா? பொண்ணு வீட்டுல கேட்டாகளா?" என்பார்கள். கோபத்தில் ஒரு நாள் துணியைச் சுருட்டி எறிந்தும் இருக்கிறேன். பிறகு நானே குனிந்து எடுத்து, தூசி தட்டி, எந்தக் கட்டத்தில் விட்டேன் என்று தேடினேன். இன்னொரு நாள் ஹார்ன் சத்தம் கேட்டு அவசரமாக எழுந்தவன் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவிட்டுப் போனேன். வாழைத்தாரைத் தூக்கித் தோளில் வைத்ததும் ஊசி கழுத்தில் இறங்கியது. நான் போட்ட கூச்சலில் ஸ்டாண்டே கூடிவிட்டது. சேதி கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மஞ்சள் பற்றுப் போட்டார்.

கேள்வி கேட்காமல் தைத்தேனா என்றால், ஒரு தடவைகூட இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? அரைத் தையல் என்றால் எந்த அரை? இந்தப் புள்ளி நிறத்தின் குறியா, அக்காவின் பேனா சிந்திய மையா? மூடுபனியில் பஸ் நிற்கிற மாதிரி ஒரு படம் வரைந்தபோது தாளில் பாதி வெறுமையாக இருந்தது.

"இங்கன ஒண்ணுமே போடலையே, மறந்துட்டியாக்கா?" என்றேன்.

"மேகம்டா அது. மேகத்துக்கு எதுக்கு நூலு?"

ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா தாளை வாங்கித் திருத்துவார். திட்டமாட்டார். "நீ கேட்டுட்ட, அப்ப இன்னொருத்தியும் கேப்பா" என்பார். "நாளைக்கு வெள்ளனே பெரட்டுக்கு வந்துரு" என்று அனுப்பிவைப்பார். நான் திரும்பவும் முதலிலிருந்து தைப்பேன்.

முதல் தாள் பிளம்ஸ்தான். கொடைக்கானல் ஏழு ரோட்டில் ஒரு கடையில் வைத்தோம். நன்றாகத்தான் போனது. சில மாதம் கழித்து, அங்கே ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் கார் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பிரேம் போட்ட தையல்.

"சிஸ்டர், ரொம்ப நீட்டா கவுண்ட் பண்ணித்தான் ஸ்டிச் பண்ணேன். ஆனா பாருங்க, இது பிளம்ஸ் இல்ல, டொமேட்டோ" என்றார்.

உண்மைதான். பழம் மேலும் கீழும் அமுங்கித் தக்காளியாகவே இருந்தது. அக்கா துணியைத் தடவிப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. டீச்சர் தைத்தது வெளிநாட்டுத் துணியில். அதில் கட்டம் சரியான சதுரம். நம் கடைகளில் கிடைக்கும் மேட்டி துணியில் கட்டம் சற்று உயரமாக இருக்கும். மேட்டியில் தைத்துத் தைத்து உருண்டையாக்கிய பழம், சதுரக் கட்டத்தில் போனதும் சப்பையாகிவிட்டது. தாளில் வரைந்தபோதே அது சப்பையாகத்தான் தெரிந்தது. துணியில் சரியாக வருகிறதே என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அன்றைக்கே என் ஜீப்பில் ஏழு ரோட்டுக்குப் போய், மீதித் தாள்களை எல்லாம் கடையிலிருந்து எடுத்துவிட்டார். வாங்கியவர் யார் வந்து கேட்டாலும் புதுத்தாள் இலவசமாகத் தரப்படும் என்று கடையில் எழுதி ஒட்டினார். கடைக்காரர் நல்ல மனிதர், ஒரு யோசனை சொன்னார்.

"அக்கா, டூரிஸ்ட் ஆளுங்கதான் நெறய வாங்குறாங்க. மேட்டி துணிய விட்டுருங்க. சதுரக் கட்டத்துக்கு ஒரே படமாப் போட்டுத் தாங்க, எவ்ளோ வேணாலும் எடுத்துக்கறேன். ரெண்டு படம் போட்டா தாளு பெருசாயிரும், வெலை ஏறிரும், எனக்கு வேணாம்."

திரும்பி வரும்போது நானும் கடைக்காரர் பக்கம்தான் பேசினேன். அவர் எடுக்காவிட்டால் தொழிலே நின்றுவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பெருமாள்மலை தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார்:

"அந்த டீச்சரம்மாவுக்குப் பழம் தக்காளியாப் போச்சுன்னா கார எடுத்துட்டு வந்து கேட்டுப்புட்டாக. நம்ம பக்கத்துப் பொம்பள ஒருத்திக்கு மேட்டியில கோணலா வந்துச்சுன்னு வையி, தாளு தப்புன்னு அவ நெனைக்கவே மாட்டா தம்பி. தன் கைதான் தப்புன்னு நெனச்சு, பிரிச்சுப் பிரிச்சுத் தைப்பா. கடைசியில எனக்கு இதெல்லாம் வராதுன்னு தூக்கிப் போட்டுருவா."

அதற்குப் பிறகு அக்கா வெளியிட்ட ஒவ்வொரு தாளிலும் ஒரே படம் இரண்டு தடவை இருந்தது. ஒன்று மேட்டி துணிக்கு, ஒன்று சதுரக் கட்டத் துணிக்கு. நானும் இரண்டு தடவை தைக்க வேண்டியதாயிற்று. சம்பளம் கேட்டேன், கருப்பட்டிக் காப்பி கிடைத்தது.

ஏழு ரோட்டுக் கடை கைவிட்டது. அடுத்த இரண்டு மூன்று வருடம் கஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. மச்சானின் சம்பளத்தில்தான் அச்சுக் கூலி போனது. அக்கா விடாமல் வரைந்தார். பேரிக்காய்க் கிளை, மலைப்பூண்டுக் கட்டு, பஸ் ஸ்டாண்டு ஓரம் வந்து நிற்கும் காட்டெருமை. பள்ளிகளில் கைவேலை வகுப்பு எடுக்கிறவர்கள் மெல்ல மெல்லக் கேட்டு வந்தார்கள். பிள்ளைகள் கையில் இருந்தது மேட்டி துணிதானே! அவர்கள் மூலம் பழனி, திண்டுக்கல் தையல் கடைகளுக்கும் தாள் போனது. பெரிய வியாபாரம் என்று சொல்ல மாட்டேன். மகளின் கல்லூரிப் படிப்பு அதில் முடிந்தது. தாளின் கீழ் ஓரத்தில் அக்காவின் பெயர் சின்னதாக அச்சாகியிருக்கும். அதை மச்சான் யாரிடமும் காட்டாமல் இருந்ததில்லை.

பிறகு சிறுநீரகம் பழுதானது. மதுரைக்குப் போய் வரும் சிகிச்சை தொடங்கியது. என் ஜீப்தான் வண்டி. போகும்போது அக்கா பேசிக்கொண்டு வருவார், வரும்போது கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் ஒரு கையில் குழாய் இருக்கும், மறு கையில் பென்சில் இருக்கும். நர்ஸம்மாக்கள் தாளைப் பிடித்துக்கொள்வார்கள்.

என் ஜீப்பை ஒரு படமாகப் போடச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். "ஒன் வண்டி ஒடுக்க எல்லாம் வரையணும்னா கட்டம் பத்தாதுடா" என்று தட்டிக்கழித்துவிடுவார். கடைசி மழைக்காலத்தில் ஒரு நாள், மேகம் இறங்கியிருந்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்று வண்டியையே பார்த்தார். குளிரும் என்று நான் சத்தம் போட்டேன்.

"சும்மா இரு, எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

தாள் எப்போது வரும் என்று பிறகு கேட்டபோது, "முடியட்டும், தாரேன்" என்றார். முடித்துவிட்டார். கொடுக்கத்தான் நேரம் இல்லாமல் போயிற்று. கார்த்திகை மாதத்தில், மச்சானும் மகளும் அருகில் இருக்க, வீட்டிலேயே அடங்கினார். நான் வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் சிகிச்சைக்கு நான் போன நாட்களில் என் சவாரியைப் பார்த்துக்கொண்டு பணத்தை வீட்டில் கொடுத்த ஸ்டாண்டு டிரைவர்களின் தலையணை உறைக் கேலி மன்னிக்கப்பட்டுவிட்டது. கணக்குப் பார்க்காமல் தாள் அச்சடித்துத் தந்த வத்தலக்குண்டு அச்சகத்தாருக்கும், தாளைப் பிடித்துக்கொண்ட மதுரை நர்ஸம்மாக்களுக்கும், ஆடலூரிலிருந்து துக்கத்துக்கு வேன் பிடித்து வந்து அழுத பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கொடைக்கானல் டீச்சரும் வந்திருந்தார். புதுத்தாளைப் பார்த்துத் தைத்த பிளம்ஸைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்தார். உருண்டையாக இருந்தது.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் ஜீப் படத்தை வெளியிடலாம் என்று மகள் சொன்னாள். அக்காவின் விதி இருக்கிறதே! தைத்துப் பார்க்காமல் அச்சுக்குப் போகக்கூடாது. துணியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் கேலி பேசவில்லை.

தாளின் மேல் அக்காவின் கையெழுத்தில் குறிப்புகள் இருந்தன. 'துணியை நான்காக மடிக்கவும், மடிப்புகள் சேரும் இடத்தில் ஆரம்பிக்கவும். அரைத் தையல் இடது கீழிலிருந்து வலது மேலே. புள்ளி என்பது சாம்பல் நிறம், மை சிந்தியது அல்ல. இடது மட்கார்டில் உள்ள ஒடுக்கு படத்தில் உள்ளதுதான், சரி செய்ய வேண்டாம். வெறுங்கட்டங்கள் மேகம், விட்டுப்போனது அல்ல. நடுவில் எழுந்து போனால் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டுப் போகவும், சட்டைக் காலரில் குத்த வேண்டாம்.'

மேட்டியில் ஒன்று, சதுரக் கட்டத்தில் ஒன்று, இரண்டையும் தைத்து முடித்தேன். இரண்டிலும் என் வண்டி என் வண்டியாகவே நிற்கிறது. விதிப்படி தாள் தேறிவிட்டது, அதனால் அச்சாகியிருக்கிறது. எடுத்துத் தைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பண்ணைக்காடு ஸ்டாண்டில் என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒன்றாவது வந்திருக்கலாம், அக்கா.