மஞ்சள் கொடி இறங்கிய வீடு

கட்டாரில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த அந்த நாட்களில் நான் தரம் பத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கரையோர ஊர்களில் உலகக் கிண்ணம் என்றால் இரண்டே நாடுகள்தான். சாய்ந்தமருதிலிருந்து கல்முனை வரைக்கும் ஒரு வீட்டு மாடியில் பிரேஸிலின் மஞ்சள் கொடி பறந்தால், பக்கத்து வீட்டு மாடியில் ஆர்ஜன்டீனாவின் நீலமும் வெள்ளையும் பறக்கும். தோணிகளுக்கும் ஓட்டோக்களுக்கும்கூடக் கட்சி இருந்தது. எங்கள் வீட்டில் நான் ஆர்ஜன்டீனா, கணவர் பிரேஸில். பந்தயம் நடக்கும் நாட்களில் இரண்டு பேரும் ஒரே சோபாவில் இருப்பதில்லை.

வகுப்பிலும் என் கட்சியை நான் மறைக்கவில்லை. கணக்குப் பாடம் என்றால் முகம் இறுகிப்போகும் பிள்ளைகள் பாதிப்பேர். வந்தவுடன் இரண்டு நிமிடம் பந்தைப் பற்றிக் கதைத்துச் சிரிக்க வைத்துவிட்டால், அதன் பிறகு சமன்பாடுகளுக்குள் இறங்குவது சுலபமாக இருந்தது. மஞ்சள் கட்சிப் பிள்ளைகளை நான் சீண்டுவேன். அவர்களும் விடமாட்டார்கள்.

சவூதி அரேபியாவிடம் ஆர்ஜன்டீனா தோற்ற மறுநாள் காலை நான் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகை நிறையப் பூ வேலை. நடுவில் 2 – 1 என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே, ‘டீச்சருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்’. நீலக் கட்சிப் பிள்ளைகளில் சிலரும் அன்றைக்கு மட்டும் சவூதிப் பக்கம் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தைப் பார்த்ததும் யாருடைய வேலை என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது வரிசையில் யன்னலோரம் இருக்கும் பிள்ளை அவள். கணக்குக் கொப்பி உறையிலே பிரேஸில் கொடியை அளவு பிசகாமல் கீறி வைத்திருந்தவள். நான் பலகையை அழிக்கவில்லை. மிஞ்சிய இடத்தில் அன்றைய கணக்குகளை எழுதிவிட்டு, அனுதாபம் தெரிவித்தவரே கடைசிக் கணக்கை வந்து செய்துகாட்டுவார் என்றேன். அவள் வந்து செய்தாள். சரியாகத்தான் செய்தாள். போகும்போது எனக்கு ஒரு முறை தலை குனிந்து மரியாதை செய்துவிட்டுப் போனாள். வகுப்பு அடங்க நேரம் எடுத்தது.

அவளுடைய வீடு எனக்குத் தெரியும். நான் ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. பூச்சு முடியாத மேல்மாடியில் படுக்கை விரிப்பு அளவில் ஒரு மஞ்சள் கொடி. வாப்பா தையற்கடையில் கொடுத்துத் தைப்பித்தது, கடையில் வாங்கியது இல்லை என்று அவளே ஒருநாள் வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். காலையில் அந்த வழியால் வரும்போது மாடியில் மஞ்சளைக் காணவில்லை. அதே கம்பில் நீலமும் வெள்ளையும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாடசாலை வாசல் வரைக்கும் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வகுப்பில் போய் நின்று சொன்னேன்.

“ஒரு ஊட்டு மாடியில மஞ்சள் இறங்கி நீலம் ஏறியிரிக்கி. நம்மட வகுப்பிலயும் கட்சி மாறுற ஆக்கள் இரிக்காங்க போல.”

யாரும் சிரிக்கவில்லை. விளங்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, யன்னலோரத்தைப் பார்த்து இன்னொரு வசனம் சேர்த்தேன்.

“தோக்க முன்னமே விட்டுட்டுப் போறவங்கள என்னண்டு நம்புற?”

அவள் கொப்பியில் திகதியை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டு அடியில் கோடு போட்டாள். பிறகு அதே கோட்டின் மேல் இன்னொரு முறை போட்டாள். மற்றப் பிள்ளைகள் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒருத்தியைப் பார்க்காமல் இருப்பதைக் கண்டபோதுதான் நான் எதையோ மிதித்துவிட்டேன் என்று தெரிந்தது. எதை என்று தெரியவில்லை. பாடத்தைத் தொடங்கினேன்.

இடைவேளைக்கு மணி அடித்ததும் வகுப்புத் தலைவி என் பின்னாலேயே வந்து படிக்கட்டில் நிறுத்தினாள்.

“டீச்சர், அவட வாப்பா இப்ப ஊட்டுல இல்ல.”

மிச்சத்தை அவள் மெதுவாகச் சொன்னாள். தாய்க்கும் தகப்பனுக்கும் சண்டையாகி நான்கு நாட்களாம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. கலியாணத்தோடு பெண்ணுக்குக் கொடுத்த வீட்டுக்கு மாப்பிள்ளைதான் வந்து இருப்பார். ஆகவே மனம் கசந்தால் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறுவதும் அவர்தான். அந்தப் பிள்ளையின் வாப்பாவும் அப்படித்தான் மஞ்சள் கொடியையும் கழற்றிக்கொண்டு தன் சகோதரி வீட்டுக்குப் போயிருந்தார். துணைக்கு வந்து தங்கிய தாயின் தம்பி ஆர்ஜன்டீனாக்காரர். கம்பு சும்மா இருக்கிறதே என்று தன் கொடியை ஏற்றியிருக்கிறார். வகுப்பு முழுக்கத் தெரிந்த விடயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

அன்றைக்கு ஆசிரியர் அறையில் திருத்த வேண்டிய கொப்பிகளை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். விட்டுட்டுப் போறவங்கள் என்று நான் சொன்னது என் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது. பந்தைப் பற்றித்தானே சொன்னேன் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். அப்போது ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை நாட்கள் ஞாபகம் வந்தன. இலங்கையும் பாகிஸ்தானும் கிரிக்கெட் விளையாடிய ஒருநாள், வெளியூர் விரிவுரையாளர் ஒருவர் முன்வரிசையில் இருந்த எங்கள் நான்கு பேரின் தலை முக்காட்டைப் பார்த்து, இன்றைக்கு யாருக்குக் கை தட்டுவது என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்குமே என்றார். மண்டபம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். என் வாழ்க்கையில் இலங்கையைத் தவிர வேறொரு கிரிக்கெட் அணிக்கு நான் கை தட்டியதே இல்லை. அவர் நல்ல மனிதர், எங்களுக்குப் பல உதவிகள் செய்தவர். அவருக்கும் அது வெறும் விளையாட்டுக் கதைதான். எனக்கு மட்டும் அன்றிரவு சோறு இறங்கவில்லை. அந்த மண்டபத்தில் இருந்த பிள்ளை நான். இப்போது அவருடைய இடத்தில் போய் நின்றிருக்கிறேன்.

அதன் பிறகு மூன்று நான்கு நாட்கள் வகுப்பில் பந்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் தொடங்கினாலும் புத்தகத்தைத் திறவுங்கள் என்றேன். அந்தப் பிள்ளையிடம் மட்டும் குரலைத் தணித்துக் கதைத்தேன். பலகைக்குக் கூப்பிடவில்லை. அவள் செய்த சாதாரணக் கணக்கைக்கூட வகுப்புக்குத் தூக்கிக் காட்டி நல்லம் என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். தனியாகக் கேட்பதா, வகுப்பில் சொன்னதை வகுப்பிலேயே திருத்துவதா என்று யோசித்து யோசித்து இரண்டையும் செய்யாமல் இருந்தேன்.

கடைசியில் அவள்தான் வந்தாள். பாடசாலை விடும் நேரம், வராந்தாவில், கொப்பியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டீச்சர், இந்தக் கணக்குப் பிழை. நீங்க சரி போட்டிரிக்கீங்க.”

வாங்கிப் பார்த்தேன். காரணிப்படுத்தல் கணக்கு. இரண்டாம் வரியிலேயே குறி மாறியிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் சிவப்புப் பேனையின் சரி அடையாளம், பெரிதாக. அவளுடைய கொப்பி என்றதும் நான் வாசிக்காமலேயே போட்டிருக்கிறேன்.

இனித் தள்ளிப்போட முடியாது. “அண்டைக்கு நான் சொன்னது பிழை, மகள். எனக்குத் தெரியாது. தெரியாட்டியும் சொல்லியிருக்கக் கூடாது. வகுப்பிலயே அதச் சொல்லட்டா?”

“வேணாம் டீச்சர்,” என்றாள் உடனே. கொப்பியைத் திரும்ப வாங்கி மூடினாள். உறையில் இருந்த கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கொடிய மாத்தினது மாமா. நான் மாறல்ல.”

“ஓம்,” என்றேன்.

“இப்ப நீங்க ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்றல்ல. என்னாலதான் எண்டு எல்லாருக்கும் தெரியும். மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லுங்க டீச்சர். டீமப் பத்திச் சொல்லுங்க. ஊட்டப் பத்தி மட்டும் சொல்லாதீங்க.”

அதைச் சொல்லிவிட்டு வேறு எதற்கும் நிற்காமல் போய்விட்டாள். பதினைந்து வயதுப் பிள்ளை. மனோவியலும் வகுப்பறை முகாமைத்துவமும் படித்துப் பரீட்சை எழுதியவள் நான். இப்படி ஒரே மூச்சில் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரேஸில் பெனல்டியில் குரோஷியாவிடம் தோற்று வெளியேறியது. அதே இரவு ஆர்ஜன்டீனா வென்றது. என் கணவர் சனிக்கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அவரைப் பற்றி யோசனை இல்லை, திங்கட்கிழமையைப் பற்றித்தான். சொல்லாமல் விட்டால் அவள் மறுபடி தனித்துப்போவாள். சொன்னால் எப்படிச் சொல்வது?

திங்கள் காலை வகுப்பு வழக்கத்தை விட அமைதியாக இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் வெண்கட்டியை எடுத்து நிகழ்தகவுக் கணக்கு ஒன்று எழுதினேன். மஞ்சள் உடுப்புப் போட்ட அணி நான்கு பெனல்டி அடிக்கிறது, இரண்டு உள்ளே போகிறது. அடித்த நான்கில் ஒன்றை எழுமாறாகத் தெரிவு செய்தால் அது கோல் ஆகாத ஒன்றாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது? எழுதி முடித்துவிட்டு, இந்த விடயத்தில் நேரடி அனுபவம் உள்ள ஒருவர் வரட்டும் என்று யன்னலோரத்தைப் பார்த்தேன்.

அவள் எழுந்தாள். பலகைக்கு வந்து ஒரு வரியில் விடையை எழுதினாள். எழுதிவிட்டு வெண்கட்டியை என்னிடம் நீட்டினாள்.

“அடுத்த கணக்கு சவூதி மெச்சில இருந்து போடுங்க டீச்சர். அத நீங்க வந்து செய்யலாம்.”

வகுப்பு வெடித்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவளும் சிரித்தாள், பல் தெரிய. அந்தச் சிரிப்பில் ஏதாவது மறைந்திருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்றைக்கும் நான் வகுப்பில் சீண்டுகிறவள்தான். ஒரு வசனம் சொன்னால் முகங்களைப் பார்க்கிறேன். சிரிப்பு வராவிட்டால் அடுத்த வசனத்தை விழுங்கிவிடுகிறேன். அந்த இரண்டாவது வசனம் எத்தனையோ முறை நாக்கு நுனி வரை வந்து திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான் நான் கண்டுபிடித்த எல்லை.

அந்தக் கிண்ணத்தை ஆர்ஜன்டீனா எடுத்தது. விடுமுறை முடிந்து வந்தபின் தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளில் அந்தப் பிள்ளையின் தாய் காலையிலேயே வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். பெற்றார் எல்லோரும் கலைந்து நான் மேசையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு மனிதர் நின்றார். சேட்டுத் தோளில் தவிட்டுத் தூள் அப்பியிருந்தது. மாவடிப்பள்ளிப் பக்கம் நெல் ஆலையில் வேலை, இப்போதுதான் வர முடிந்தது, மகளின் அறிக்கையைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டார். மகளின் பெயரைச் சொன்னதும்தான் யாரென்று விளங்கியது.

பிள்ளைகளின் சின்னக் கதிரையில் ஒடுங்கி இருந்துகொண்டு ஒவ்வொரு பாடமாக விரலை வைத்து வாசித்தார். கணிதத்தில் விரல் நின்றது. அறுபத்தெட்டு நல்ல புள்ளியா என்று கேட்டார். போன தவணையைவிடப் பன்னிரண்டு கூட என்றேன். அறிக்கையை மடிக்காமல் இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

“வகுப்பில நடக்கிறதெல்லாம் வந்து சொல்லுவா. நீங்க ஆர்ஜன்டீனாவாமே, டீச்சர்.”

அந்த ஒருநாளையும் சொல்லியிருப்பாளோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். “ஓம்,” என்றேன்.

“கிண்ணம் எடுத்தாச்சி. நாலு வருசத்துக்கு நீங்க கதைக்கலாம். நாங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இரிக்கத்தான் வேணும்.”

சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அவர் வீட்டுக்குத் திரும்பினாரா என்று நான் கேட்கவில்லை. மேல்மாடி வராந்தாவிலிருந்து பார்த்தேன். அவள் கீழே மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றாள். வாப்பா ஏதோ சொல்ல, பத்து விரலையும் விரித்து, பிறகு இரண்டை மட்டும் காட்டினாள். பிறகு பின்னால் ஏறி இருந்துகொண்டாள். இருவரும் ஐஸ்கிரீம் கடை இருக்கும் பக்கமாகத் திரும்பினார்கள்.