நான்கு விரல் பட்டை

துறைமுகப் பட்டறையில் அவளுக்குப் பேர் ஊசியக்கா. முக்குளிப்பவர்களின் உடுப்போ பட்டையோ கிழிந்தால் அவள் கைக்குத்தான் வரும். அவள் வீட்டுக்காரரும் அங்கேதான் முக்குளிக்கிறார். விட்ட மூச்சையே சுத்தம் பண்ணித் திரும்பக் கொடுக்கும் கருவியை மாட்டிக்கொண்டு, கப்பலின் அடியைப் பார்த்து வருவது அவர் வேலை. அந்தக் கருவியின் காற்றுப்பைகள் மார்பின்மேல் இருக்கும். அவை மேலே ஏறாமல் இழுத்துப் பிடிக்க, தொடையிடுக்கு வழியாக ஒரு பட்டை.

"நடக்கவே முடியல, இந்தப் பட்டை உயிரை வாங்குது," என்று நேற்று அவர் முனகினார். பாவம் பார்த்து நான்கு விரல் நீளம் கூட்டித் தைத்தாள்.

இன்று அவர் இறங்கிக் கால்மணி ஆகியிருக்கும். இன்னொருவருடைய கருவியை அலசத் தொட்டியில் போட்டாள். பட்டை அவிழ்ந்திருந்ததால் பைகள் குப்பென்று மேலேறி, கழுத்துப் பக்கம் போய் மிதந்தன. நேற்றுத் தான் கூட்டிய நான்கு விரல் அவளுக்கு நினைவு வந்தது. பை நெஞ்சைவிட மேலே போனால் மூச்சை உறிஞ்சி உறிஞ்சி இழுக்க வேண்டும் என்று அவரே சாப்பிடும்போது எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். களைப்பு என்று நினைத்தபடியே மயங்கிப் போனவர்களும் உண்டாம்.

அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கரையில் பிடித்திருந்த மேஸ்திரியிடம் ஓடினாள்.

"அண்ணே, அவரை மேல கூப்பிடுங்க."

"ஏம்மா, சாப்பாடு ஆறிப்போகுதா?"

"பட்டையைத் தளர்த்தித் தச்சுட்டேண்ணே. உங்ககிட்ட சொல்லல."

மேஸ்திரியின் முகம் மாறியது. 'மேலே வா' என்பதற்கான சைகையாகக் கயிற்றை நாலு தடவை இழுத்தார். பதில் இல்லை. மறுபடி இழுத்தார்.

'ஆண்டவனே, என் கையாலயா? வேண்டாம்ப்பா' என்று அவள் உதடு முணுமுணுத்தது.

கயிறு அசைந்தது. ஒன்று, இரண்டு. கொஞ்சம் பொறுத்து மூன்று, நான்கு.

மேலே வந்தவர் படியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். உதடு வெளுத்திருந்தது.

"வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். அடைச்ச குழாயில உறிஞ்சுற மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் பார்த்துட்டு வந்துடலாம்னு..."

"வயசும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க வீட்டம்மா வச்ச பாசம்," என்றார் மேஸ்திரி. "இனிமே ஒரு தையல் போட்டாலும் எங்கிட்ட சொல்லணும்மா."

தலையாட்டிவிட்டு அங்கேயே தையலைப் பிரித்தாள். திரும்பத் தைக்க நூல் கோக்கப் போனால் ஊசிக் காதில் நூல் நுழையவே இல்லை.

"இங்க கொடு," என்று வீட்டுக்காரர் வாங்கினார். அவரும் இரண்டு தடவை ஊசிக் காதைத் தவறவிட்டார்.

"நல்ல ஜோடிதான்," என்று மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை வாங்கினார்.